நாளைப் போவார் சாலை: கடலூர் – சிதம்பரம் வழியும் காத்திருப்பின் அரசியலும்

"நாலுவழி வந்தா பாத்துக்கலாம்." கடலூர் முதுநகருக்குத் தெற்கே, சிதம்பரம் போகிற சாலையோரத்து ஊர்களில் பல வருஷங்களாகப் புழங்கிய வாக்கியம் இது. வீட்டுச் சுவருக்குப் பூச்சு வேலை பார்ப்பது, கடை முகப்பில் கீற்றை எடுத்துவிட்டுத் தகரம் போடுவது, அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொள்வது, பொண்ணுக்கென்று ஒரு துண்டு நிலத்தை எழுதிவைப்பது, ரோட்டு வளைவில் கிடக்கிற பள்ளத்தைத் தூர்ப்பது என்று எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் இந்த வாக்கியத்தில் வந்து நின்றது. சொல்பவர் வீட்டுக்காரராக இருப்பார், ஊர்ப் பெரியவராக இருப்பார், மனுவை வாங்கிக்கொள்கிற அதிகாரியாகவும் இருப்பார். வீட்டுக்காரர் சொல்லும்போது அது பயம். அதிகாரி சொல்லும்போது அதுதான் பதில்.

அரசாங்கத் தமிழின் இலக்கணத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அகலப்படுத்தப்படும், கையகப்படுத்தப்படும், பரிசீலிக்கப்படும். செய்கிறவன் இல்லாத வினை. நாள் குறிக்காத எதிர்காலம். அதே சாலையோரத்தில் சிப்காட் தொழிற்பேட்டையின் ஷிப்டு நிகழ்காலத்தில் நடக்கிறது. காலை ஷிப்டு, மதிய ஷிப்டு, ராத்திரி ஷிப்டு. மணி தவறுவதில்லை. ஒரே தார்ச்சாலையின் ஓரத்தில் இப்படி இரண்டு காலங்கள் எப்படிக் குடியேறின என்பதுதான் நம் கேள்வி. சாலை ஏன் தாமதமானது என்பதற்கு நிர்வாகத்திடம் ஆயத்தமான பதில்கள் உண்டு: நில எடுப்பு, வழித்தட மாற்றம், ஒப்பந்தம், நிதி. இந்தத் தாமதம் யார் தலையில் விடிந்தது, யாருக்காகச் சம்பளம் வாங்காத ஆளைப்போல உழைத்தது என்கிற கணக்கு எந்தக் கோப்பிலும் இல்லை.

வழி பழையது. ஊர்ப்பெயர்களே சாட்சி: சொன்னஞ்சாவடி, புதுச்சத்திரம், தைக்கால் தோணித்துறை. சாவடி, சத்திரம், துறை மூன்றும் நடக்கிறவன் நின்று காத்திருக்கும் இடங்கள். மழை விட வேண்டும், மாடு இளைப்பாற வேண்டும், அக்கரைக்குப் போன தோணி திரும்பி வர வேண்டும். பழைய வழி இந்தக் காத்திருப்புக்குத் தன் உடம்பிலேயே இடம் ஒதுக்கி வைத்திருந்தது. (திண்ணை யாருக்கு, மரத்தடி யாருக்கு என்ற கேள்வி அப்போதும் இருந்தது. சத்திரங்களைப் பற்றிப் புல்லரித்து எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவார்கள்.) தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில் நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்தில் வெட்டியதோடு விடவில்லை. படிக்கத் தெரியாதவன் தடவிப் பார்த்துக்கொள்ள இரண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியும் வெட்டியிருக்கிறார்கள். எழுத்தறியாதவனுக்கும் வழியைப் பற்றிய செய்தி போய்ச்சேர வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. இன்றைய நெடுஞ்சாலைச் சட்டப்படி ஒருவன் நிலம் எடுக்கப்படப் போகும் செய்தி இரண்டு நாளிதழ்களில் வந்தால் போதும். அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். பொடி எழுத்தில், சர்வே எண்களின் பட்டியலாக வரும் அந்த விளம்பரத்தை டீக்கடையில் யாராவது உரக்கப் படித்தால்தான் உண்டு.

நிலம் எடுப்பதில் இந்தக் கடற்கரைக்கு இன்னொரு முன்கதையும் இருக்கிறது. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. அதுதான் பிறகு செயின்ட் டேவிட் கோட்டை ஆனது. கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்கு அளவுகோல் பீரங்கிக் குண்டு. கோட்டையிலிருந்து நாலாபக்கமும் சுட வேண்டும், குண்டு எதுவரை போகிறதோ அதுவரை கம்பெனிக்கு. நல்ல தூரம் போகிற பீரங்கியாகப் பார்த்து எடுத்தார்கள். கடலூர் பட்டணமே அந்த வட்டத்துக்குள் விழுந்தது. விழுந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் நிலைத்தது. அன்று உழுதுகொண்டிருந்தவனுக்குத் தான் ஒரு கம்பெனியின் குடியானவன் ஆகிவிட்டது சத்தத்தில்தான் தெரிந்திருக்கும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், அந்தக் கையகப்படுத்தலில் தாமதம் இல்லை. 1781இல் அயர் கூட்டின் படை கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கும் அங்கே அடிவாங்கிப் பரங்கிப்பேட்டைக்கும் இந்தக் கரையோடுதான் போனது. ஹைதர் அலியின் படையும் வந்தது. படைக்கு வழி எப்போதும் உடனே கிடைத்துவிடுகிறது.

சிப்காட் நிறுவனம் 1971இல் ஏற்பட்டது. கடலூர்த் தொழிற்பேட்டை 1980களில் வந்தது. கிழக்கே உப்பனாறு, அதையொட்டி ஆலைகள், ஆலை வாசலில் சாலை, சாலையோடு கூடவே கொஞ்சம் தள்ளி ரயில் தண்டவாளம். பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம், காரைக்காடு என்று ஊர்கள் இதற்கு நடுவிலும் ஓரத்திலும். மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம், ஃபுளோரின் வேதிகள் என்று ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கழிவு ஆற்றுக்குப் போனது, பிறகு குழாய் போட்டுக் கடலுக்குப் போனது. ராத்திரி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தாலும் சிப்காட் வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும் என்பது இந்த வட்டாரத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். ஜன்னல் ஷட்டர்கள் சட்சட்டென்று விழும். பஸ்ஸில் இருப்பவனுக்குப் பத்து நிமிஷம். அதற்குள்ளேயே குடியிருப்பவனுக்கு ஷட்டர் கிடையாது.

2003இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஜே. கனகராஜ் தலைமையில் இந்திய மக்கள் தீர்ப்பாயம் இங்கு வந்து விசாரித்து அறிக்கை கொடுத்தது. 2004இல் ஊர்க்காரர்களே சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று சேர்ந்து, வாளியும் பையும் வைத்துக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். 22 நச்சு வேதிகள் தெரியவந்தன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர்கள் வைத்திருந்த வாடைக் குறிப்பு. என்ன தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், வாடை எதைப்போல இருந்தது. ஆய்வகத்தின் சொல்லாடலுக்கு வெளியே நின்று, மூக்கையே கருவியாக்கி எழுதின நாட்காட்டி அது. "பரிசீலிக்கப்படும்" என்கிற காலத்துக்கு எதிராக "நேத்து ராத்திரி" என்கிற காலத்தை நிறுத்தியது. தமிழில் எழுதப்பட்ட எதிர்ப்புப் பிரதிகளைப் பட்டியல் போடுகிறவர்கள் யாரும் அதைச் சேர்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

இங்கேதான் சாலையின் கதை ஆலையின் கதையோடு சேர்கிறது. இந்த ஊர்களிலிருந்து வெளியே போக இருப்பது பிரதானமாக ஒரே சாலை, அதுவும் இருவழி. அமிலம் ஏற்றிய டேங்கர் லாரியும் காண்ட்ராக்ட் தொழிலாளியின் சைக்கிளும் வேளாங்கண்ணி போகிற கார்களும் மீன்கூடை வைத்திருக்கும் பெண்கள் ஏறுகிற டவுன் பஸ்ஸும் அதே ரெண்டு வழியில். 2021 மே 13 அன்று தொழிற்பேட்டையில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் நடந்த வெடிப்பில் நான்கு தொழிலாளர்கள் செத்தார்கள். அப்படி ஒரு காலை வேளையில் ஒரு ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓட வேண்டியிருந்தால் எந்தப் பக்கம் ஓடுவது? சாலையின் அகலம் என்பது இங்கே போக்குவரத்துப் பொறியாளரின் கவலை மட்டும் கிடையாது. ஆலைக்கு அனுமதி கொடுக்கிற மேசையும் சாலைக்கு அனுமதி கொடுக்கிற மேசையும் வேறு வேறு துறைகளில் இருந்தன. முதல் மேசையின் கடிகாரம் ஓடியது, இரண்டாவது மேசையின் கடிகாரத்துக்கு யாரும் சாவி கொடுக்கவில்லை. ஆலைகளுக்கு இதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. லாரி மெதுவாகப் போனாலும் போய்விடும். குறுகின சாலையின் செலவை விபத்தாகவும் நேரமாகவும் புழுதியாகவும் ஊர் செலுத்திக்கொண்டிருந்தது.

சாலையின் பெயர் அப்போது தேசிய நெடுஞ்சாலை 45-ஏ. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் வரை. தேசிய நெடுஞ்சாலை மேம்பாட்டுத் திட்டத்தின் காலத்திலேயே நாற்கரப் பேச்சு எழுந்துவிட்டது. 2010இல் நாடு முழுக்க நெடுஞ்சாலைகளுக்கு எண் மாற்றினார்கள். விழுப்புரம் – புதுச்சேரி துண்டு 332 ஆனது, புதுச்சேரிக்குத் தெற்கே 32. சாலை அகலமாகவில்லை, நம்பர் மாறியது. அதே 2010இல்தான் விழுப்புரம் – மயிலாடுதுறை மீட்டர்கேஜ் அகலப்பாதையாகித் திரும்ப ரயில் ஓட ஆரம்பித்தது. இடையில் ரயில் இல்லாத வருஷங்களில் அந்தக் கூட்டமும் இதே ரெண்டு வழியில்தான் வந்து ஏறியது. வழித்தடம் பழைய சாலையோடு போகுமா, ஊரைச் சுற்றிப் போகுமா என்பது பல வருஷம் தெளியவில்லை. என் உறவுக்காரர் ஒருவர் வீட்டு வாசலில் அளக்க வந்தவர்கள் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். சில வருஷம் கழித்து வந்தவர்கள் வேறு இடத்தில் நட்டார்கள். முதல் கல்லை யாரும் பிடுங்கவில்லை. அது அரசாங்கக் கல், தொடக்கூடாது என்று வீட்டில் ஒரு பயம். பொங்கலுக்கு வாசலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்தக் கல்லுக்கும் அடித்தார்கள். வீட்டுக்கு அடிக்கவில்லை. "இடிக்கப்போற சுவத்துக்கு எதுக்கு?"

சட்டத்தை இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956இல் வந்தது. நில எடுப்பில் தாமதம் ஆகிறது என்று காரணம் சொல்லி 1997இல் அதில் 3-ஏ முதல் 3-ஜே வரை பிரிவுகள் சேர்க்கப்பட்டன. 3-ஏ என்பது எடுக்கப்போகிறோம் என்ற அறிவிப்பு. அது வெளிவந்த 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும். 3-டி வெளிவந்ததும் நிலம் முழுசாக மத்திய அரசுக்குச் சொந்தமாகிவிடும். 3-ஏ வந்து ஒரு வருஷத்துக்குள் 3-டி வராவிட்டால் அறிவிப்பு காலாவதி. படித்தால் இரண்டு பக்கத்துக்கும் கெடு விதித்த மாதிரி இருக்கும். ஆனால் குடியானவன் 21 நாளைத் தவறவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அரசு ஒரு வருஷத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, இன்னொரு 3-ஏ போட்டுக்கொள்ளலாம். ஒருவனுக்கு மரணமாக இருக்கும் கெடு இன்னொருவனுக்குத் தவணை. இடைப்பட்ட காலத்தில் அந்த சர்வே நம்பரைச் சொன்னாலே பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். வாங்க ஆள் வராது, அடமானத்துக்கு வங்கி யோசிக்கும். நிலம் யாராலும் எடுக்கப்படாமலே உடைமைக்காரன் கையிலிருந்து பாதி போய்விடுகிறது.

3-ஜே இன்னும் நுட்பமான பிரிவு. 1894 நில எடுப்புச் சட்டம் கொடுத்துவந்த ஆறுதல் தொகையையும் வட்டியையும் நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவனுக்கு இல்லாமல் ஆக்கியது அதுதான். 2019 செப்டம்பரில் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது சமத்துவத்துக்கு விரோதம் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பை இனிமேல் எடுக்கும் நிலத்துக்கு மட்டும் பொருத்துங்கள் என்று நெடுஞ்சாலை ஆணையம் கேட்டுப் பார்த்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் நிராகரிக்கப்பட்டது. 1997இல் செய்த அநியாயத்தைச் சரிசெய்ய 22 வருஷம். அந்தச் சரிசெய்தலையே தள்ளிப்போட இன்னும் ஐந்தாறு வருஷம்.

இந்த இடத்தில் தாமதத்துக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2013ஆம் ஆண்டின் புதிய நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் 2015 ஜனவரியிலிருந்து நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்தின. கடலூர்ச் சாலை சீக்கிரம் வந்திருந்தால் பட்டாக்காரர்கள் பழைய சட்டத்தின் சில்லறையோடு போயிருப்பார்கள். தாமதம் அவர்களுக்கு லாபம்தான் என்று வாதிக்கலாம். அப்படி வாதிக்கிறவர்கள் 2017ஆம் வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 9 அன்று தமிழ்நாட்டு அரசு நிலங்களின் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. வீடு, மனை வாங்குகிறவர்களுக்குச் சலுகை என்று செய்தி. ஆனால் இழப்பீட்டுக் கணக்கில் அடிப்படையாக எடுப்பது வழிகாட்டி மதிப்பையும் சுற்றுவட்டாரத்துப் பத்திரங்களில் எழுதின விலையையும்தான். ஜூலையில் கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் 45 கிராமங்களைப் பெட்ரோலிய, ரசாயன, பெட்ரோ ரசாயன முதலீட்டு மண்டலம் என்று அரசாணை அறிவித்தது. பரப்பு ஏறக்குறைய 57,000 ஏக்கர். அக்டோபரில் மத்திய அமைச்சரவை பாரத்மாலா திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. விழுப்புரம் – நாகை நாற்கரம் நான்கு துண்டுகளாகப் பிரிந்து அதில் நிறைவேறத் தொடங்கியது. மூன்றும் திட்டமிட்டுச் சேர்த்த சதி என்று நான் சொல்லவில்லை. மூன்று துறைகள், மூன்று கோப்புகள், ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டிருக்கக்கூட வாய்ப்பில்லை. அதிகாரம் ஒரு மூளையிலிருந்து உத்தரவாகக் கிளம்பிவர வேண்டியதில்லை என்பதை ஃபூக்கோவைப் படித்துத் தெரிந்துகொண்ட நாம், இந்த ஐந்து மாதத்துச் செய்தித்தாள்களை அடுக்கிவைத்தும் தெரிந்துகொண்டிருக்கலாம். இத்தனை வருஷம் காத்திருந்த நிலத்தின் விலை காகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கின பிறகு சாலைக்கு அவசரம் வந்தது.

பட்டாக்காரருக்காவது ஒரு கணக்கு உண்டு. ரோட்டோரப் புறம்போக்கில் இட்லிக்கடை வைத்திருந்தவள், சைக்கிள் பஞ்சர் ஒட்டினவன், அடுத்தவர் இடத்தில் வாடகைக்கு வெல்டிங் பட்டறை போட்டவன், ஷிப்டு முடிந்து வருகிறவர்களை நம்பிச் சாயங்காலம் மீன் விற்றவள் – இவர்களுக்குக் காத்திருப்பின் முடிவில் காசோலை இல்லை. பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற சொல்லுக்கு 2013 சட்டம் கொஞ்சம் விரிந்த பொருள் தந்திருப்பது உண்மை. கல் நடுகிற இடத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி மட்டும் இன்னமும் "பட்டா யார் பேர்ல?" என்பதுதான்.

காத்திருப்பைப் பற்றிப் பேசும்போது சிதம்பரம் சாலையில் நந்தனைத் தாண்டிப் போக முடியாது. பெரியபுராணத்தின் திருநாளைப்போவார் ஆதனூர்ப் புலைப்பாடியிலிருந்து தில்லைக்கு நடந்தவர். அந்தப் பெயரே தாமதத்தின் பெயர். உலகத்தில் வேறெந்த மரபாவது தள்ளிப்போடுதலை ஒருவருக்குத் திருப்பெயராகச் சூட்டியிருக்கிறதா என்று தெரியவில்லை. சேக்கிழாரின் பிரதியில் யாரும் அவரைத் தடுப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாளைக்குப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். தன் பிறப்புக்குத் தில்லைக்குள் இடமில்லை என்பது அவருக்கே பாடமாகியிருக்கிறது. தடை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரம் செய்தபோது அங்கே ஒரு பண்ணைக்கார வேதியர் வந்து நிற்கிறார். நாற்பது வேலி நிலத்தையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். காத்திருக்கவைக்கிறவன் இப்போது கதைக்குள் முகத்தோடு வருகிறான், காத்திருப்புக்கு விலையாக உழைப்பு கேட்கப்படுகிறது. இரண்டு பிரதிகளுக்கும் இடையில் நிலவுடைமையின் நீண்ட வரலாறு இருக்கிறது. கடலூர்ச் சாலையின் "நாலுவழி வந்தா பாத்துக்கலாம்" இவற்றில் எந்தப் பிரதியைச் சேர்ந்தது? முதலில் யாரோ சொல்லிக் கேட்டது, பிறகு எல்லோரும் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டது. வேதியர் முகத்தை மறைத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் போனதும் நாம் திரும்பவும் சேக்கிழார் காலத்துக்குப் போய்விட்டோம்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ, காத்திருக்கவைப்பதை அதிகாரத்தின் செயல்முறைகளில் ஒன்றாகவே பார்த்தார். முற்றாக மறுத்துவிட்டால் எதிராளி திரும்பிப் போய்விடுவான். நம்பிக்கையை அறுக்காமல் இழுக்க வேண்டும். அர்ஜெண்டினாவில் ஹவியர் அவுயேரோவும் அந்த ஊரிலேயே வளர்ந்த டெபோரா ஸ்விஸ்துனும் சேர்ந்து எழுதின 'ஃப்ளேமபிள்' என்ற புத்தகம் 2009இல் வந்தது. பெட்ரோ ரசாயன ஆலைகளை ஒட்டின ஒரு குடிசைப் பகுதியைப் பற்றியது. அந்தப் பகுதிக்கே தீப்பற்றும் ஊர் என்றுதான் பெயர். அங்கிருப்பவர்கள் இடமாற்றத்துக்கு, நஷ்ட ஈட்டுக்கு, பரிசோதனை முடிவுக்கு, வக்கீலுக்கு என்று எதற்காவது காத்துக்கொண்டேயிருக்கிறார்கள். காத்திருக்கிறவன் எதையும் உறுதியாக நம்புவதில்லை, எதையும் உறுதியாக மறுப்பதும் இல்லை. குழப்பமே அவன் அன்றாடம். படிக்கும்போது பச்சையாங்குப்பத்துக்கும் ஈச்சங்காட்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிற மாதிரிதான் எனக்கு இருந்தது. அவர்கள் காத்திருப்பது ஊரைவிட்டுப் போக, நம்மவர்கள் காத்திருந்தது ஊர் வழியாக ஏதாவது வர. அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நம்மைப் பற்றி. எழுதுகிறவர்களும் இயக்கக்காரர்களும் ஆகிய நமக்குச் சாலைத் திட்டம் என்றாலே எதிர்நிலைதான் கைவருகிறது. காரணம் இருக்கிறது. சேலம் – சென்னை எட்டுவழிக்கு 2018இல் விளைநிலத்தில் எப்படிக் கல் நட்டார்கள் என்று பார்த்தோம். 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அந்த அறிவிக்கைகளை ரத்து செய்தபோது கொண்டாடினோம், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்தைத் தொடர வழிவிட்டபோது சோர்ந்தோம். நின்றுபோன திட்டம் நமக்கு வெற்றியாகப் பழகிவிட்டது. கடலூரில் அந்தப் பழக்கம் உண்மையாகவே பலித்தும் இருக்கிறது: 45 கிராம மண்டல அறிவிப்பை 2020 பிப்ரவரியில் அரசு திரும்பப் பெற்றது. இழுத்தடித்ததால் பிழைத்த நிலம் அது. ஆனால் அதே பழக்கத்தில் இந்த ரெண்டு வழிச் சாலை அகலமாகாமல் கிடந்ததையும் ஏதோ முதலாளியம் தோற்றுப்போன மாதிரி உள்ளூரப் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான். ஆலைக்காகத்தானே ரோடு, வராவிட்டால் என்ன என்று ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். கூட்டம் முடிந்து வெளியே வந்தால் பஸ் ஏற ரோட்டைத் தாண்ட வேண்டும், பத்து நிமிஷம் தாண்ட முடியவில்லை. சாலை ஆலைக்கானதா ஊருக்கானதா என்று மேடையில் கேட்பது சுலபம். சாலை வராமலே ஆலை ஓடிக்கொண்டிருந்தது என்பதை நாம் கணக்கில் எடுக்கவில்லை.

வராத திட்டம் எப்போதும் நிலத்தைத் திருப்பித் தந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. அதே சாலையில் இன்னும் தெற்கே போனால் பெரியகுப்பம் பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்று பாதியில் நின்றது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அதைப் பிய்த்துப் போட்டது, பிறகு கடனும் கலைப்பு நடவடிக்கையுமாகப் போனது. நெடுநாள் இரும்புத் திருட்டுச் செய்திகளில் மட்டும்தான் அதன் பேர் அடிபட்டது.

கடைசியில் சாலை வந்தது. புதிய பாதை கடலூர் நகரத்துக்குள் நுழையாமல் சுற்றிவந்து, தொழிற்பேட்டையைத் தாண்டிப் பூண்டியாங்குப்பத்தில் சேர்வதாக அமைந்தது. வாசலில் கல்லோடு இத்தனை வருஷம் இருந்த வீடுகளில் பலவற்றுக்குச் சாலை வரவே இல்லை. என் உறவுக்காரர் வீட்டுக்கும்தான். இடிபடாமல் தப்பினோம் என்று சந்தோஷப்படுவதா, இருபது வருஷம் வெள்ளையடிக்காமல் இருந்ததற்கு யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று ராமேசுவரத்தில், பாம்பன் புதிய பாலம் திறந்த அதே நாளில், பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த சாலைகளின் பட்டியலில் விழுப்புரம் – புதுச்சேரி 29 கிலோமீட்டரும் பூண்டியாங்குப்பம் – சட்டநாதபுரம் 57 கிலோமீட்டரும் இருந்தன. இரண்டுக்கும் நடுவிலிருக்கும் புதுச்சேரி – பூண்டியாங்குப்பம் துண்டு அந்தப் பட்டியலில் இல்லை. கடலூர் அந்த நடுவில்தான் இருக்கிறது. சட்டநாதபுரம் – நாகப்பட்டினம் துண்டும் இல்லை. கட்டணம் மட்டும் முந்திக்கொண்டது. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கொத்தட்டையில் 2024 டிசம்பரிலேயே சுங்கச்சாவடி திறந்தாயிற்று. வேலை முழுசாக முடியாமல் வசூல் எதற்கு என்று தனியார் பஸ் உரிமையாளர்கள் எதிர்ப்புக் கிளப்பினார்கள். சொன்னஞ்சாவடியின் சாவடி போய் இந்தச் சாவடி வந்திருக்கிறது. சுங்கம் தவிர்த்த சோழன் என்று முதலாம் குலோத்துங்கனுக்குப் பட்டம் கொடுத்த ஊர்க்காரர்கள் நாம் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மூன்று மாதம் கழித்து, 2025 ஜூலை 8 காலையில், சிப்காட் பகுதியிலேயே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டைத் தாண்டின பள்ளி வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் மோதியது. மூன்று பிள்ளைகள் செத்துப்போனார்கள். இது நெடுஞ்சாலைத் திட்டத்தின் பகுதியில்லை, வேறு துறை, வேறு கோப்பு. அன்றைக்கே ரயில்வே வெளியிட்ட அறிக்கையில் அந்த இடத்தில் சுரங்கப்பாதை கட்ட முழுக்க ரயில்வே நிதியிலேயே ஒப்புதல் ஆகியிருப்பதாகவும், மாவட்ட ஆட்சியரிடமிருந்து ஒரு வருஷமாக அனுமதி வரவில்லை என்றும் ஒரு வரி இருந்தது. கேட் மூடியிருந்ததா திறந்திருந்ததா, யார் திறக்கச் சொன்னது என்ற சச்சரவில் அந்த வரியை எல்லோரும் சீக்கிரம் மறந்தார்கள். எந்தக் கேட்டுக்குத் தானியங்கிப் பூட்டு, எதற்குப் பாலம் என்று முடிவு செய்ய ரயில்வேயில் டி.வி.யூ. என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு நாளில் கேட்டைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையை ரயில்களின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். பெருக்கல் தொகை போதுமான அளவுக்கு ஏறுகிறவரை ஊர் காத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு பள்ளி வேன், உள்ளே எத்தனை பிள்ளைகள் இருந்தாலும், ஒரு யூனிட்.